முதல் கைவினைச் சந்தையை நடத்துவது எப்படி?

ஒரு கூடை பின்ன ஆறு மணி நேரம் ஆகிறது. அது இரண்டு மூன்று கை மாறிக் கடைக்குப் போனால், வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பின்னியவருக்குச் சேர்வது கொஞ்சம்தான். கலை, கைவினை போன்ற படைப்புத் திறனால் வருமானம் தரும் தொழில்களைப் ‘படைப்புப் பொருளாதாரம்’ என்கிறார்கள். அதற்காக 2021-ஆம் ஆண்டையே ஐ.நா. ஒதுக்கியது. கூடை பின்னுபவருக்கு அந்தப் பெரிய சொல் பணமாக மாறுவது, அவரே நின்று விற்கும் சின்னச் சந்தையில்தான். அதை நீங்களே தொடங்கலாம்.

1. ஆட்களைச் சேருங்கள்

பத்துப் பேர் போதும். தாமே செய்ததை மட்டும் விற்க வேண்டும் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மொத்தமாக வாங்கி வந்த ஆலைச் சரக்கு பக்கத்து மேசையில் இருந்தால், கையால் செய்தவரின் விலை அநியாயமாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரே தொழிலில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

2. இடமும் நாளும்

நிழல், குடிநீர், கழிப்பறை மூன்றும் வேண்டும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதுபோல் மாறாத நாளாக இருக்கட்டும்.

3. விலை போடுங்கள்

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். பொருள் செலவு, உழைத்த நேரத்துக்குக் கூலி, வண்டிச் செலவு, மேசை வாடகை எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் லாபம் வைக்க வேண்டும். பலரும் கூலியைச் சேர்ப்பதே இல்லை. “சும்மா இருந்த நேரத்தில் செய்ததுதானே” என்பார்கள். கேட்கும்போதே மனசு வலிக்கும். தாளும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுங்கள். விலைச் சீட்டில் செய்தவர் பெயரையும், எத்தனை மணி நேர வேலை என்பதையும் எழுதுங்கள். பேரம் பேச வந்தவர் முதலில் அதைப் படிக்கட்டும்.

வாடகையா? முதல் மூன்று சந்தைகளுக்கு, விற்றதில் சிறு பங்கு மட்டும் வாங்குங்கள். விற்காதவர் நஷ்டத்தோடு வீடு திரும்பக் கூடாது.

4. சந்தை நாள்

பொருள்களை மேசையில் தட்டையாகப் பரப்பாதீர்கள். பெட்டிகளைக் கவிழ்த்து, கண் உயரத்துக்கு அடுக்குங்கள். சில்லறை தயாராக இருக்கட்டும். அப்புறம், ஒருவராவது அங்கேயே வேலை செய்ய வேண்டும். மண்சக்கரம் சுற்றினால் குழந்தைகள் நகர மாட்டார்கள். கூட வந்த பெரியவர்களும் நின்றுதான் ஆக வேண்டும்.

ஆர்டர் எழுத ஒவ்வொரு மேசையிலும் ஒரு நோட்டு வையுங்கள். மேசைகளை மடக்கும் முன், என்ன விற்றது, எதைக் கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்பதை அந்தத் தாளை வைத்தே பேசி முடிவு செய்யலாம்.