ஏர் ரைபிளுக்கு அலுமினிய ஸ்டாக்கா, பாலிமர் ஸ்டாக்கா?

துப்பாக்கியைத் தோளில் ஊன்றிப் பிடிக்கும் கட்டைதான் ஸ்டாக். பழைய மர ஸ்டாக்கைக் கழற்றிவிட்டு வீட்டிலேயே வேறொன்றைப் பொருத்த நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எது உறுதி?” என்றுதான். பத்து மீட்டர் ஏர் ரைபிளின் உதைப்பு தோளுக்குத் தெரிவதே அரிது. அதற்கு அலுமினியமும் உடையாது, பாலிமரும் உடையாது. 1959-ல் ரெமிங்டன் நிறுவனம் ‘நைலான் 66’ என்ற .22 ரைபிளை வெளியிட்டது. ஸ்டாக், சுடும் பொறி உட்காரும் கூடான ரிசீவர் இரண்டுமே டூபாண்ட் நிறுவனத்தின் ஸைட்டெல் நைலான். பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி அது. பிளாஸ்டிக் தாங்குமா என்று இன்னமும் கேட்பவர்களுக்கு அதையே பதிலாகச் சொல்லிவிடுவேன். நான் பார்ப்பது இரண்டே விஷயம்: இறுக்கிய திருகு இறுக்கியபடியே நிற்கிறதா, கன்னத்தை வைத்து அழுத்தும்போது ஸ்டாக் எங்கே வளைகிறது.

குறிபார்க்க உதவும் முன் சைட்டும் பின் சைட்டும் குழலோடும், குழலைத் தாங்கிச் சுடும் இயங்குபாகமான ஆக்‌ஷனோடும் பிணைந்தவை. ஸ்டாக் அசைந்தாலும் அவற்றின் வரிசை மாறாது. பிறகு ஸ்டாக் எப்படிக் குறியைக் கெடுக்கிறது? ஆக்‌ஷன் உட்காரும் பரப்பு சமமாக இல்லாவிட்டால், திருகை இறுக்க இறுக்க ஆக்‌ஷனே மயிரிழை வளையும். அது ஒரு வழி. இன்னொன்று நம் உடல். கன்னம் படும் உயரம் சற்று இறங்கினால் கண் பின் சைட்டின் துளைக்கு நடுவே நிற்காது. சைட்டுகளுக்கு இடையே 80 சென்டிமீட்டர் தூரம் இருந்தால், வரிசை 0.2 மில்லிமீட்டர் பிசகினாலே பத்து மீட்டரில் 2.5 மில்லிமீட்டர் தள்ளிப்போகும். பத்துப் புள்ளிக்கும் ஒன்பதுக்கும் இடையே உள்ள தூரமே அவ்வளவுதான்.

அலுமினியத்தின் விறைப்பு சுமார் 70 கிகாபாஸ்கல். 30 சதவீதக் கண்ணாடி இழை கலந்த நைலான் உலர்ந்த நிலையில் சுமார் 10. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதுவும் கணிசமாகக் குறையும். நைலானுக்குக் காற்றிலுள்ள ஈரமே போதும். ஆனால் ஒரு பாகத்தின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்து ஏறும். கெட்டியான குறுக்குச் சுவர்களோடு வார்த்த நல்ல பாலிமர் ஸ்டாக், மெலிந்த குழாய்களை இணைத்துச் செய்த மட்டமான அலுமினிய ஸ்டாக்கைவிட விறைப்பாக இருப்பதும் உண்டு. ஆகவே பொருளின் பெயரைக் கேட்டு வாங்காமல் கையால் சோதித்து வாங்குங்கள். குழலுக்கு அடியில் நீளும் முன்கட்டையின் நுனியையும் குழலையும் சேர்த்துப் பிடித்து லேசாக நெரியுங்கள். இடைவெளி சுலபமாக மூடிக்கொண்டால் அதைக் கீழே வைத்துவிடலாம்.

பாலிமரின் உண்மையான பலவீனம் திருகுத் துளைதான். தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்று சரியாக இறுக்கிய திருகு சில வாரங்களில், யாரும் தொடாமலே, தளர்ந்திருக்கும். சுடுபவரோ குறி அலைகிறது என்று பெல்லட் எனும் சிறு குண்டை மாற்றிப் பார்ப்பார், பிறகு மூச்சைக் குறை சொல்வார், கடைசியில் பயிற்சியாளரை. இதற்கு மருந்து எளியது: திருகு செல்லும் துளைக்குள் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்று ஸ்டாக்கின் முழுத் தடிமனுக்கும் ஊடே நிற்க வேண்டும். அப்போது திருகின் அழுத்தத்தை உலோகமே தாங்கும், பிளாஸ்டிக் நசுங்காது. அடித் திருகைக் கழற்றித் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே மேலிருந்து கீழ்வரை உலோகச் சுவர் பளபளத்தால் வாங்கலாம். வாய்ப்பக்கம் மட்டும் ஒரு வளையம் தெரிந்தால் வேண்டாம்.

அலுமினியத்திலும் தொல்லைகள் உண்டு. வியர்வை இறங்கும் இடத்தில் எஃகுத் திருகு அலுமினியத்தை அரிக்கும். மரையில் துளி கிரீஸ் இல்லாவிட்டால் ஒருநாள் திருகு கழலவே கழலாது. அடிக்கடி கழற்றி மாட்டும் இடங்களில் அலுமினிய மரை தேய்ந்துவிடும் என்பதால், எஃகு மரை பதித்த ஸ்டாக்காகத் தேடுங்கள். குளிரில் கன்னம் சில்லிடும் என்று சிலர் தயங்குகிறார்கள். கன்னத் தாங்கி பெரும்பாலும் மரமோ ரப்பரோதான். அது ஒரு காரணமே இல்லை.

யாருக்கு எது என்று கேட்டால் என் முடிவு இது: போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வளரும் வயதில், அலுமினியம். தோள்தட்டின் நீளம், கன்னத் தாங்கியின் உயரம், கைப்பிடியின் கோணம் எல்லாவற்றையும் தண்டவாளம் போன்ற சட்டத்தில் நகர்த்தி அளவுகோட்டைப் பார்த்து வைக்கலாம். மாற்றினாலும் பழைய இடத்துக்கே திரும்பலாம். வால்தர் எல்ஜி400 ஆலுடெக், ஃபைன்வெர்க்பாவ் 800 போன்றவை இந்த அமைப்புக்காகவே பெயர் பெற்றவை. எடையை மட்டும் தராசில் போட்டுப் பார்த்துவிடுங்கள். சர்வதேச விதிப்படி சைட், துணைக்கருவிகள் உட்பட 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. பொழுதுபோக்காகச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்குக் குழாய்த் துண்டு பதித்த பாலிமரே போதும். ஸ்பிரிங் ரைபிள் பின்னும் முன்னும் மாறி மாறி உதைப்பதால் திருகுகளை அடிக்கடி கவனிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே.

பொருத்தும் வேலை இனி. முதலில் ரைபிளில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். காற்று சிலிண்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். ஸ்பிரிங் வகையானால் ஸ்டாக்கை மட்டும் கழற்றுங்கள், ஆக்‌ஷனைப் பிரிக்க வேண்டாம். இரு பரப்புகளையும் துடைத்து, ஆக்‌ஷனைத் திருகில்லாமல் ஸ்டாக்கில் வைத்து விரலால் நான்கு மூலையிலும் அழுத்துங்கள். கால் ஆடும் நாற்காலிபோல் ஏதாவது ஒரு மூலை எழும்பினால் பரப்பு சமமில்லை என்று பொருள்.

அடுத்து, திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, கையேட்டில் தந்துள்ள அளவுக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். மணிக்கட்டின் அனுபவம் என்று பேசுபவர்களை நான் நம்புவதில்லை. இறுக்கிய பின் ஒரு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆக்‌ஷனும் ஸ்டாக்கும் சேரும் கோட்டின் மேல் இருக்கட்டும். மறுகையால் ஒரு திருகைத் தளர்த்துங்கள். இணைப்பு நகர்வது விரல்நுனியில் தெரிந்தால் ஆக்‌ஷன் இத்தனை நேரமும் வளைந்தே இருந்திருக்கிறது. ஸ்டாக்கை மாற்றுங்கள் அல்லது அந்தப் பரப்பை உரிய கைவினைஞரிடம் கொடுத்துச் சமன் செய்யுங்கள். முன்கட்டையைத் தொடாமல் நிற்கும் ‘தொங்கும் குழல்’ ஆனால், ஒரு தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே விட்டு இழுங்கள். தடையின்றி ஓட வேண்டும்.

திருகு கழலாமல் இருக்கப் பூசும் பசையை உலோக மரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அது சில பிளாஸ்டிக்குகளில் நுண்விரிசல் உண்டாக்கும். கடைசியாக ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து ஸ்டாக் வரை பெயின்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். குறி விலகியதாகத் தோன்றும்போது முதலில் அந்தக் கோட்டைப் பாருங்கள். அது பிரிந்திருந்தால் சைட்டைத் தொடாமல் திருகை மறுபடி இறுக்குங்கள். பாலிமரில் கோடு அப்படியே இருந்தாலும், மாதம் ஒருமுறை ரெஞ்சை வைத்துப் பார்ப்பது நல்லது. பிளாஸ்டிக் நசுங்கினால் திருகு சுழலாமலே பிடி தளரும்.