தக்காளிக்குள் வேகாத உருளைக்கிழங்கு

வேலை முடிந்து வந்து ஓவனில் வைத்தால் இரவுச் சாப்பாடு தயார் என்றுதான் உருளைக்கிழங்கு, தக்காளி சாஸ், சீஸ் அடுக்கி பேக் செய்தேன், மூன்று நாளும் கிழங்கு நறுக் நறுக்கென்றே இருந்தது. சூட்டை 180-லிருந்து 200 டிகிரிக்கு ஏற்றினேன், சீஸ் கருகியதுதான் மிச்சம். ஃபாயில் மூடி ஒரு மணி நேரம் விட்டேன், இன்னும் மெல்லிசாக வெட்டினேன், ம்ஹூம்.

அப்புறம்தான் கவனித்தேன். சாஸ் போதாமல் ஒரு ஓரத்தில் மட்டும் பால் ஊற்றியிருந்தேன், அந்தத் துண்டுகள் குழைய வெந்திருந்தன, சாஸில் கிடந்தவை மட்டும் விறைப்பு! தக்காளியின் புளிப்பு கிழங்கின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளை எளிதில் கரையவிடாது.

நேற்று துண்டுகளை உப்புத் தண்ணீரில் 8 நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, அதற்கு மேல்தான் சாஸ் ஊற்றினேன். 180 டிகிரியில் 25 நிமிடம். கரண்டி அப்படியே இறங்கியது, பெரிய நிம்மதி.