பேக்கப் இருந்தும் ஃபைல்கள் போவது ஏன்? ரான்சம்வேர் விஷயத்தில் செய்யக் கூடாதவை

ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேரில் மாட்டியவரிடம் "பேக்கப் எடுக்கவில்லையா?" என்று கேட்டுப் பாருங்கள். "எடுத்தேன், அதுவும் சேர்ந்தே போய்விட்டது" என்று சொல்பவர்கள் உண்டு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே எந்நேரமும் செருகி வைத்திருப்பதன் விளைவு அது. நீங்கள் எந்த ஃபைலைத் திறந்து திருத்த முடியுமோ, அதையெல்லாம் உங்கள் கணக்கில் ஓடும் ரான்சம்வேரும் திருத்தும். டி டிரைவ், பென் டிரைவ், நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டர் எதுவும் தப்பாது. விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் பழைய நகல்களான ஷேடோ காப்பிகளையும் பல ரான்சம்வேர்கள் தேடி அழித்துவிடுகின்றன. அதனால் பேக்கப் முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். பாதுகாப்பில் பாதி இதுதான் என்பேன்.

"எனக்கு கூகுள் டிரைவ் இருக்கிறதே" என்று நிம்மதியாக இருப்பவர்கள் கொஞ்சம் கவனிக்கவும். கம்ப்யூட்டரில் மாறுவதை அப்படியே அங்கும் மாற்றும் சிங்க் வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் ஃபைல் பூட்டப்பட்டால், பூட்டிய ஃபைலே டிரைவிலும் போய் உட்காரும். பழைய பதிப்பை மீட்கலாம், சரி. ஆனால் அதற்குக் கெடு உண்டு: கூகுள் டிரைவில் நீங்கள் ஏற்றிய ஃபைலின் பழைய பதிப்பு பொதுவாக 30 நாள் வரைதான் இருக்கும். இன்னொன்று, எடுத்த பேக்கப்பிலிருந்து எப்போதாவது ஒரு ஃபைலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

உள்ளே வரும் வழி பெரும்பாலும் நாமே திறந்து கொடுத்ததுதான். கிராக் செய்த சாஃப்ட்வேர் தரும் தளம், "ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று சொல்லும். நாமும் செய்கிறோம்! வீட்டுக் கம்ப்யூட்டர்களைத் தாக்கிய 'ஸ்டாப்' வகை ரான்சம்வேர் பரவியது முக்கியமாக இப்படித்தான். அப்புறம், விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்தே காட்டும். 'பில்.பிடிஎஃப்' என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக, அதாவது திறந்தால் ஓடத் தொடங்கும் புரோகிராமாக இருக்கலாம். எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷனை ஆன் செய்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அப்டேட்டைத் தள்ளிப் போடுவது பற்றி ஓர் உதாரணம் போதும். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது.

மாட்டிக்கொண்ட பிறகு பதற்றத்தில் செய்யும் தவறுகள் இன்னும் மோசம். பேக்கப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, அந்த டிஸ்க்கை அதே கம்ப்யூட்டரில் செருகுவார்கள். அதோடு அதுவும் காலி. முதலில் வைஃபையையும் கேபிளையும் துண்டியுங்கள். பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில்தான் திறக்க வேண்டும்.

பணம் கட்டினால் எல்லாம் திரும்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2021இல் ரான்சம்வேரில் மாட்டிய அமெரிக்க எரிபொருள் குழாய் நிறுவனமான கலோனியல் பைப்லைன் சுமார் 44 லட்சம் டாலர் கட்டியது. கிடைத்த மீட்புக் கருவி அவ்வளவு மெதுவாக ஓடியதால், கடைசியில் சொந்த பேக்கப்பையும் நம்ப வேண்டியதாயிற்று.

பேக்கப்பே இல்லையென்றாலும் உடனே ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகை ரான்சம்வேர்கள் பூட்டியதைத் திறக்கும் சாவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இல்லாத சாவி பின்னாளில் வெளிவரலாம். பூட்டிய ஃபைல்களையும் மிரட்டல் குறிப்பையும் ஒரு தனி டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.