லாரியைப் பெரிய கார் என்று நினைக்காதீர்கள்: நெடுஞ்சாலையில் உயிரைப் பறிக்கும் தவறுகள்

காரும் லாரியும் மோதிய செய்தி வந்தால், போனது யார் உயிர் என்று மேற்கொண்டு படிக்காமலே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் ஒரு காரும் ஒரு பெரிய லாரியும் மட்டும் மோதிக்கொண்ட விபத்துகளில், வண்டிக்குள் இருந்து இறந்தவர்களை எண்ணிப் பார்த்தால் 100க்கு சுமார் 97 பேர் காரில் இருந்தவர்கள்.

ஏன் இப்படி? ஒன்றரை டன் கார், சரக்கு ஏற்றிய 40 டன் டிரெய்லர், இரண்டும் 80 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வருகின்றன என்று வையுங்கள். மோதி ஒட்டிக்கொண்டால் இரண்டும் சேர்ந்து லாரி போன திசையிலேயே 74 வேகத்தில் போகும். லாரி டிரைவருக்குக் குறைந்தது வெறும் 6 கிலோமீட்டர். காரில் இருப்பவர்களோ முன்னோக்கி 80ல் போய்க்கொண்டிருந்து, கண் இமைக்கும் நேரத்தில் பின்னோக்கி 74க்கு வருகிறார்கள், அதாவது 154 கிலோமீட்டர் மாற்றம் அவர்கள் உடம்பில் இறங்குகிறது. காருக்கு நட்சத்திரம் கொடுக்கும் மோதல் சோதனைகளை பெரும்பாலும் 50லிருந்து 64 கிலோமீட்டர் வேகத்தில்தான் செய்கிறார்கள். அதனால் 'என் கார் ஐந்து நட்சத்திரம் வாங்கியது' என்ற தைரியத்தை லாரி விஷயத்தில் தயவுசெய்து நம்பாதீர்கள். மோதாமல் இருப்பதற்கு என்ன செய்ய முடியுமோ அதுதான் நம் கையில் இருக்கிறது.

முதல் தவறு, லாரி டிரைவர் நம்மைப் பார்த்திருப்பார் என்று நினைப்பது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, எல்லாம் தெரியும் என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன், ஒருமுறை லாரி கேபினில் உட்கார்ந்து போகும்வரை. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார் கிளீனர் பக்கமாக, அதாவது டிரைவர் உட்காராத பக்கமாக வந்துகொண்டிருந்தது, கண்ணாடியில் நன்றாகத் தெரிந்தது. அப்புறம் கதவுக்கு நேராக வந்ததும் காணோம். கண்ணாடியில் இல்லை, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால்கூட கூரையின் ஓரம்தான் லேசாகத் தெரிந்தது. அந்த நேரத்தில் டிரைவர் லேன் மாற்றியிருந்தால் அந்தக் குடும்பம் சக்கரத்துக்குள் போயிருக்கும். லாரிக்கு நேர் முன்னால் சுமார் 6 மீட்டர், நேர் பின்னால் சுமார் 9 மீட்டர், இரண்டு பக்கமும், அதிலும் கிளீனர் பக்கம் ரொம்ப அகலமாக, டிரைவர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் இருக்கின்றன. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. லாரி பக்கத்திலேயே அதே வேகத்தில் பேசிக்கொண்டு போகாதீர்கள். கடப்பதாக இருந்தால் சட்டென்று கடந்துவிடுங்கள், இல்லையென்றால் பின்தங்குங்கள்.

கடந்த பிறகு உடனே அதன் முன்னால் கட் அடித்து நுழைவது இன்னொன்று. லாரிக்கு முன்னால் காலியாகத் தெரியும் இடம் யாருக்கும் சொந்தமில்லாத இடம் மாதிரி நமக்குத் தோன்றும். ஆனால் அது அந்த டிரைவர் நிற்பதற்காக வைத்திருக்கும் தூரம். 105 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிற்க சுமார் 95 மீட்டர் போதும் என்றால், சரக்கு ஏற்றிய டிரெய்லருக்கு சுமார் 160 மீட்டர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஏர் பிரேக்கில் பெடலை மிதித்த பிறகு காற்று போய்ச் சேர்ந்து பிரேக் பிடிக்கவே அரை நொடி அளவுக்குத் தாமதம் ஆகும். நீங்கள் அந்த இடைவெளியில் புகுந்து, முன்னால் ஏதோ வந்தது என்று பிரேக்கும் அடித்தால், அவர் எவ்வளவு நல்ல டிரைவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிந்த பிறகு உள்ளே வாருங்கள்.

மலைப்பாதை இறக்கத்தில் இதைச் செய்யவே கூடாது. பாரம் தள்ள, பிரேக் சூடேறி பிடிப்பு குறைந்து வரும் லாரிக்கு முன்னால் வேகம் குறைப்பது தற்கொலைக்குச் சமம்.

இருவழிச் சாலையில் ஓவர்டேக் செய்யும்போது நாம் போடும் மனக்கணக்கு பெரும்பாலும் தப்பு. லாரி 80ல் போகிறது, நீங்கள் 100ல். வித்தியாசம் 20தான், நொடிக்கு ஐந்தரை மீட்டர். 30 மீட்டர் பின்னாலிருந்து வெளியே எடுத்து, 18 மீட்டர் நீளத்தைத் தாண்டி, முன்னால் 30 மீட்டர் விட்டு உள்ளே வர, உங்கள் கார் நீளத்தையும் சேர்த்தால் 80 மீட்டருக்கு மேல் ஆகிறது. 14, 15 நொடி எதிர்ப்பாதையில் இருப்பீர்கள். அதற்குள் நீங்கள் 400 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே 80ல் வருபவர் 320 மீட்டர் வந்திருப்பார். முக்கால் கிலோமீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும்! வளைவுக்கு முன்னால், மேட்டுக்கு முன்னால் அவ்வளவு தெரியுமா? லாரியின் வாலில் ஒட்டிக்கொண்டு போனால் எதிர்ப்பாதையே தெரியாது, தலையை நீட்டிப் பார்க்கக் காரையே வெளியே எடுக்க வேண்டிவரும். பின்னால் தள்ளி வந்தால்தான் தெரியும். முன்னால் போகிற லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டு 'போ' என்று காட்டினாலும், எதிரே பார்க்க வேண்டியது உங்கள் கண்தான்.

நான் அதிகம் பயப்படுவது லாரியின் பின்பக்கத்தைத்தான். காரின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள், ஆனால் எதிரே இருப்பதும் அதே உயரத்தில் இருந்தால்தான் அது வேலை செய்யும். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதற்கு அடியில் இருக்கும் குறுக்குக் கம்பி பலமாக இல்லாவிட்டால் பானெட் அப்படியே உள்ளே போய்விடும், முதலில் இடிபடுவது முன்கண்ணாடி, அதாவது நம் முகம் இருக்கும் உயரம். ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம், விரிந்தாலும் கூரையே பெயர்ந்து வரும்போது அதனால் என்ன பயன்? 1967 ஜூன் 29 அதிகாலையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஹாலிவுட் நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்டு போன கார் இப்படித்தான் போனது. கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டிருந்த வண்டிக்காக ஒரு டிரெய்லர் வேகம் குறைத்திருந்தது, புகையில் தெரியாமல் கார் அதன் அடியில் புகுந்தது. முன்சீட்டில் இருந்த மூன்று பெரியவர்களும் இறந்தார்கள், பின்னால் இருந்த அவருடைய மூன்று குழந்தைகள் பிழைத்தார்கள். அந்தப் பின்கம்பியை இன்றும் அங்கே மேன்ஸ்ஃபீல்டு பார் என்றுதான் சொல்கிறார்கள்.

இரவில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிதான் இதில் மோசம். 100ல் போகும்போது நொடிக்கு 28 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் 42 மீட்டர் போய்விட்டது, அதற்குப் பிறகு நிற்க இன்னும் 55 மீட்டர். டிம் விளக்கில் தூசி படிந்த லாரி 60 மீட்டரில்தான் கண்ணுக்குப் பட்டது என்று வையுங்கள், பிரேக் அடிக்கக் கிடைப்பது 18 மீட்டர், இடிக்கும்போது வேகம் இன்னும் 80க்கு மேல் இருக்கும். அதே இடத்தில் 70ல் வந்திருந்தால் 56 மீட்டரில் நின்றிருப்பீர்கள். முழுச் சேதத்துக்கும் ஒரு கீறல்கூட இல்லாததற்கும் நடுவே 30 கிலோமீட்டர் வேகம்தான். ஆகவே எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் போடுங்கள், இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். சாலையோரக் கோட்டை ஒட்டி ஓட்டாதீர்கள், நிற்கிற லாரி அங்கேதான் இருக்கும். தூக்கம் வந்தால் நிறுத்துங்கள், இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும், 90ல் போகும்போது நான்கு நொடி கண் சொருகினால் 100 மீட்டர் யாருமே ஓட்டாத கார்.

பக்கவாட்டிலும் இதே கதை. பல லாரிகளில் பக்கத்தில் தெரியும் கம்பிகள் நடந்து போகிறவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சக்கரத்துக்குள் விழாமல் இருக்க வைத்தவை, காரைத் தாங்காது. அப்புறம், நீளமான டிரெய்லர் ஒரு பக்கம் திரும்புவதற்கு முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். இடம் விடுகிறார் என்று நினைத்து அந்தச் சந்தில் நுழைந்தால் திரும்பி வரும் டிரெய்லர் நசுக்கிவிடும்.

நெரிசலில் நிற்கும்போது பெரும்பாலோர் யோசிக்காத ஒன்று: முன்னால் லாரி, நடுவில் நீங்கள், பின்னால் இன்னொரு லாரி வருகிறது. முன்னால் ஒரு கார் நீளமாவது இடம் விட்டு, வண்டியை கியரிலேயே வைத்து, ஹஸார்டு லைட் போட்டு, பின்னால் வருகிறவர் வேகம் குறைக்கிறாரா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குறையவில்லை என்றால் ஒதுங்க அந்த இடம் வேண்டும். பின்னால் நாலைந்து வண்டி வந்து நின்ற பிறகு போனை எடுக்கலாம்.

கார் பழுதாகி நின்றுவிட்டால் உள்ளே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்காதீர்கள், குழந்தை தூங்கினாலும் மழை பெய்தாலும் சரி. எவ்வளவு ஓரம் கட்ட முடியுமோ கட்டி, ஹஸார்டு லைட் போட்டு, எல்லோரையும் வண்டிகள் போகாத பக்கக் கதவு வழியாக இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போங்கள். காருக்கு முன்னால் நிற்க வேண்டாம், லாரி இடித்தால் கார் அந்தப் பக்கம்தான் பறந்து வரும். வண்டிகள் வரும் திசையில், காரிலிருந்து நன்றாகத் தள்ளிப் பின்னால் நின்று போன் செய்யுங்கள்.