‘டெலிகசி’ என்ற சொல்லைத் தமிழாக்குவது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவரை வழுக்கிவிடும் சொற்களில் ‘டெலிகசி’ ஒன்று. அகராதி முதலில் ‘மென்மை’ என்று காட்டும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரு வாக்கியம் நேராக நிற்கும், அடுத்த மூன்றும் கோணிக்கொள்ளும். மீன்சினையைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ‘கேவியர் ரஷ்யர்களின் மென்மை’ என்று நானே எழுதிக் கொடுத்து, மெய்ப்புப் பார்த்தவரின் கேலிக்கு ஆளாகியிருக்கிறேன்.

இந்தச் சொல்லின் லத்தீன் மூலத்தில் இன்பம் தருவது, செல்லம் கொடுத்து வளர்க்கப்பட்டது என்ற இரு பொருள்களும் கலந்திருந்தன. நாவுக்கு இன்பம் தரும் பண்டம், முரட்டுக் கை பட்டால் தாங்காத பொருள் என்று இன்றைய ஆங்கிலத்தில் அது பிரிந்து கிடப்பது அதனால்தான். ஆகவே, தமிழ்ச் சொல்லைத் தேடும் முன் ‘இந்த இடத்தில் கொஞ்சம் அசட்டையாக இருந்தால் எது கெடும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடைவது பொருளா, தளர்வது உடலா, பிசகுவது வேலைப்பாடா, புண்படுவது மனமா என்பது தெரிந்துவிட்டால், பெரும்பாலும் சொல்லும் தானாக வந்து நிற்கும். எதுவும் கெடாது, கைக்காசு மட்டும்தான் கரையும் என்றால் அது உணவைப் பற்றிய பேச்சு.

உணவில்தான் பிழை அதிகம் என்பதால் அங்கே சற்று நிற்க வேண்டும். பயணக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்கள் இச்சொல் வரும் இடமெல்லாம் ‘சுவையான உணவு’ என்று எழுதிவிடுகிறார்கள். சுவை இதில் ஒரு பங்குதான். அருமை, விலை, கிடைப்பதில் உள்ள சிரமம், அந்த ஊராரின் பெருமிதம் எல்லாம் சேர்ந்தே ஒரு பண்டத்துக்கு இப்பெயர் கிடைக்கிறது. ஸ்டர்ஜன் என்ற மீன் சினைப்பிடிக்கவே பல ஆண்டுகள் ஆகும் என்பதால் கேவியருக்கு அந்த விலை. கல்லீரலிலும் சினையிலும் கொடிய நஞ்சு உள்ள பேத்தை மீனை ஜப்பானில் அதற்கென உரிமம் பெற்ற சமையற்காரர்தான் உணவகத்தில் அறுத்துப் பரிமாறலாம் என்பதால் அதற்கு அந்த மதிப்பு. உழவாரன் இனக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டைச் சீனர்கள் பெருவிலை கொடுத்து வாங்கிச் சூப்பு வைக்கிறார்கள். அந்தக் கூட்டுக்கென்று தனிச்சுவை ஏதும் இல்லை என்றே சொல்லலாம். அங்கே ‘சுவையான உணவு’ என்று எழுதினால் செய்தியே தவறாகிவிடும். ‘அரும்பண்டம்’, ‘அவ்வூரார் அருமையாகக் கருதும் உணவு’, சற்றுப் பேச்சு வாடை தேவைப்பட்டால் ‘அங்கே இதற்குத் தனி மவுசு’ என்பவை பொருந்தும்.

நம் பக்கத்து உணவுகளிலும் இதே வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும் ஈசலை அள்ளிச் சிறகு போகப் புடைத்து, அரிசியோடு சேர்த்து வறுத்துத் தின்பது ஆண்டில் சில நாள்களுக்கே வாய்ப்பது. யாழ்ப்பாணத்துப் பனங்காய்ப் பணியாரமும் பனம்பழக் காலத்தைப் பார்த்திருந்து சுடுவது. இவற்றை அரும்பண்டம் எனலாம். ஆனால், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது என்றாலும், பேருந்து நிலையத்திலேயே கிடைக்கும் பண்டத்தை ‘அரிய’ என்பது பொருந்தாது. ‘பெயர்போன’ என்பதே போதும். உணவகப் பலகையில் ‘தென்னிந்திய டெலிகசிகள்’ என்று இருந்தால் ‘தென்னிந்தியப் பலகாரங்கள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அங்கே அந்தச் சொல் வெறும் அலங்காரம்.

உடைபடும் பொருளுக்கு ‘எளிதில் உடையக்கூடிய’ என்று நேராகச் சொல்வதே நல்லது. சலவை இயந்திரத்தில் ‘டெலிகேட்’ (டெலிகசியின் பெயரடை வடிவம்) என்று இருக்கும் பொத்தானுக்கு ‘மென்துணி’ என்ற சொல் கச்சிதமாக அமையும். உடல்நிலையைக் குறித்தால் ‘பூஞ்சை உடம்பு’ என்ற வழக்கு இருக்கிறது. ‘நோஞ்சான்’ என்பதில் இளக்காரம் ஏறிவிடுவதால் தவிர்க்கவும். பழைய ஆங்கிலக் கதைகளில் ஒரு பெண் ‘டெலிகேட்டான நிலையில்’ இருப்பதாக வந்தால், அவள் நோயாளி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அவள் கருவுற்றிருப்பாள். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு இணையான மறைமொழி அது.

வேலைப்பாட்டுக்கு ‘நுணுக்கம்’, நகையென்றால் ‘நகாசு’, இழையென்றால் ‘சன்னம்’ என்பவை கைவசம் உள்ளன. கருவிகளில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. தட்டாரின் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மின்விசிறிக் காற்றுக்குக்கூட அதன் தட்டு அசையும். அதை டெலிகேட் என்று எழுதியவர் உடைந்துவிடும் என்கிறாரா, மிகச் சிறிய எடை வேறுபாட்டையும் காட்டும் என்கிறாரா என்பதை முன்பின் வாக்கியங்களிலிருந்து தெரிந்துகொண்டு, பின்னதென்றால் ‘துல்லியமான’, ‘நுண்ணுணர்வுள்ள’ என்று எழுத வேண்டும்.

மனிதர்களிடையே நடப்பதைச் சொல்லும்போதுதான் தமிழுக்குச் சொற்பஞ்சமே இல்லை. நண்பருக்குக் கொடுத்த கைமாற்றைத் திருப்பிக் கேட்க வேண்டிய ஒருவர், அவர் வீட்டுக்குப் போய் மழையைப் பற்றியும் பிள்ளையின் படிப்பைப் பற்றியும் பேசி, எழுந்து செருப்பை மாட்டும்போது, ‘மாசக் கடைசியில் எனக்கும் ஒரு செலவு இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறார் என்று வையுங்கள். அவருடைய பண்பு ‘இங்கிதம்’. கேட்ட விதம் ‘நாசூக்கு’. பாரசீகத்தில் ‘நாசுக்’ என்றால் மெல்லியது, எளிதில் நைவது என்று பொருள். அதுதான் நமக்கு வந்து நாசூக்கு ஆயிற்று. ஆனால், ‘நாசூக்காக நழுவிவிட்டார்’ என்ற வழக்கில் சற்றுத் தந்திரமும் ஒட்டிக்கொண்டிருப்பதால், ஒருவரை மனதாரப் பாராட்டும் இடத்தில் இங்கிதமே பாதுகாப்பானது. அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைக்கும் பழக்கத்துக்கு இலக்கணத்திலேயே ‘இடக்கரடக்கல்’ என்ற பெயர் உண்டு. ‘கால் கழுவி வந்தான்’ என்பது வழிவழியாக வரும் எடுத்துக்காட்டு. இறந்தவரைத் ‘துஞ்சினார்’ என்பதுபோல், அமங்கலமானதை மங்கலச் சொல்லால் சொல்வதற்கு ‘மங்கலம்’ என்று பெயர். நாடுகளுக்கிடையே நடக்கும் பேச்சுவார்த்தையின் டெலிகசியை ‘மென்மை’ என்று எழுதுவது முழுப் பிழை. ‘ஒரு சொல் பிசகினாலும் முறிந்துவிடும் நிலையில் இருக்கும் பேச்சு’ என்று விரித்தே எழுதுங்கள், இடம் கூடினாலும் பரவாயில்லை.

மூல ஆசிரியர் வேண்டுமென்றே ஒரே சொல்லில் பொருளின் நொய்மையையும் மனத்தின் நொய்மையையும் வைத்து விளையாடியிருந்தால், இரண்டையும் தாங்கும் பெயர்ச்சொல்லைத் தேடி மெனக்கெட வேண்டாம், வினைச்சொல்லைத் தேடுங்கள். விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் (90) மோந்தால் அனிச்சப்பூவும், முகம் திரிந்து நோக்கினால் விருந்தும் ‘குழையும்’ என்ற ஒரே வினைக்குள் வந்துவிடுகின்றன. ‘வாடும்’, ‘நொறுங்கும்’, ‘கசங்கும்’ என்ற வினைகளும் பூவுக்கும் துணிக்கும் கண்ணாடிக்கும் எப்படிப் பொருந்துமோ அப்படியே மனத்துக்கும் பொருந்துவதால், அத்தகைய வாக்கியத்தை அவற்றில் ஒன்றை வைத்தே முடித்துப் பாருங்கள்.