முதலில் மொட்டைமாடி, அப்புறம் கடற்கரை: மொரீஷியஸில் கோடை விடுமுறையை ஓட்டும் விதம்

ஊரில் மார்கழிக் குளிரில் போர்வைக்குள் சுருண்டிருப்பார்கள், இங்கே நமக்கு வியர்வை ஊற்றும். கும்பகோணத்திலிருந்து ரோஸ் ஹில்லுக்கு மருமகளாக வந்து 13 வருடமாகிறது, இன்னும் டிசம்பரைக் கோடை என்று சொல்ல வாய் கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. நவம்பரில் பள்ளி மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தனை வாரத்தை எப்படித் தள்ளுவது என்று புதிதாக வந்த இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ஆளுக்கொரு தடவை போனில் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் அனுபவத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட எதை எப்போது செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் தீவில் வருடத்திலேயே மழை குறைந்த மாதம் அக்டோபர். நவம்பர் முழுக்கவும் டிசம்பர் பாதி வரையும் பெரும்பாலும் வெயில் நிற்கும், ஜனவரி, பிப்ரவரியில் வானம் கொட்டித் தீர்க்கும், புயலும் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். அதனால் முதலில் மொட்டைமாடி, அப்புறம் கடல், மழை தொடங்கியதும் வீட்டுக்குள் வேலை, கடைசியாகப் பள்ளி. நான் பல வருடம் இதைத் தலைகீழாகச் செய்தேன். முதல் நாளே கடற்கரை, மாடியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் பலன், 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த அன்று, எங்கள் படுக்கையறைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு இட்லிப் பானையையும் வாளியையும் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தோம்.

மாடி வேலை

இங்கே ஏன் எல்லா வீடும் தட்டையான கான்கிரீட் தளமாக இருக்கிறது என்று வந்த புதிதில் யோசித்திருக்கிறேன். 1960இல் கேரல் என்ற புயல் மரவீடுகளையும் தகர வீடுகளையும் வாரிக்கொண்டு போனது, அதற்கப்புறம்தான் ஊரே கான்கிரீட்டுக்கு மாறியது என்று மாமனார் சொல்வார். காற்றுக்குக் கான்கிரீட் தாங்கும். தண்ணீர் தேங்கினால்தான் தொல்லை.

கொத்தனாரைக் கூப்பிடுவதாக இருந்தால் நவம்பரிலேயே கூப்பிட்டுவிடுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் கட்டட வேலைக்காரர்கள் வருடக்கடைசி விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஜனவரி வரை ஆள் கிடைக்காது. எல்லோருக்கும் போனஸ் கையில் வருவதும் டிசம்பரில்தான், அதனால் பெயின்ட் கடையில் கால் வைக்க இடமிருக்காது. இன்னொன்று, முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் நாங்கள் பாதிக்கு மேல் கொடுத்துவிட்டு, அந்த ஆளின் போன் அணைந்தே கிடந்ததைத்தான் பார்த்தோம். இப்போது என் கணவரும் அவர் தம்பியுமே செய்துவிடுகிறார்கள். கஷ்டமில்லை, நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூட்டிப் பெருக்கி, வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுங்கள். எங்கள் வீட்டில் பக்கத்து மாமரத்துச் சருகோடு ஒரு டென்னிஸ் பந்தும் வந்தது. கறுப்பாகப் பாசி படிந்த இடத்தில் பிளீச்சிங் கலந்த தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் பூச்சு கொப்பளித்து உரிந்துவரும். விரிசல்களை நிரப்பி, தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை நெடுகிலும் ஃபைபர் வலை வைத்து, அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் பூச்சு இரண்டு கை. முதல் கை கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது தெற்கு வடக்காக. காலை ஆறு மணிக்கே ஏறிவிடுங்கள், ஒன்பது மணிக்குத் தளம் தோசைக்கல்லாகிவிடும்.

எல்லோரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நாளைக்கு மேலே இன்னொரு மாடி கட்டலாம் என்று தூண்களிலிருந்து கம்பிகளை நீட்டியபடி விட்டிருப்பார்களே, இந்தத் தீவில் பாதி வீடுகளின் தலையில் அது இருக்கும். அந்தக் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் அடியில் கான்கிரீட் வெடிக்கும், வெடித்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வளையம் தெரியும். எங்கள் கூரை சொட்டியதற்குக் காரணம் அந்த வளையம்தான். விரிசல் ஒன்றுமில்லாத தளத்தை மூன்று தடவை பூசியும் சொட்டு நிற்கவில்லை, கடைசியில் மைத்துனர் தரையோடு முகத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். கம்பியைக் கம்பித்தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் அடித்து, அடியைச் சுற்றிச் சிமென்ட் கலவையைச் சின்னக் கூம்புபோல் சரிவாக அணைத்துவிட்டால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கம்பி முனைகளில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவிடுங்கள், கண்ணில் குத்தாது. பிள்ளைகளை மேலே ஏற்றவே வேண்டாம், முக்கால்வாசி வீட்டில் கைப்பிடிச்சுவர்கூடக் கிடையாது.

அவர்களுக்குக் கீழே வேலை கொடுக்கலாம். தோட்டத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் பொருளைத் தேடிப்பிடிக்கச் சொல்லுங்கள்: பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பொம்மை லாரி. ஒன்றுக்கு ஒரு லிச்சி என்று நான் கூலி பேசினேன், சின்னவன் 19 கண்டுபிடித்தான். சிக்குன்குனியா 2005, 2006இல் இந்தத் தீவையும் பக்கத்து ரீயூனியனையும் ஆட்டிப்படைத்த ஞாபகம் பெரியவர்களுக்கு இன்னும் போகவில்லை. அதைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது, ராத்திரிக்கு மட்டும் வலை கட்டிப் பயனில்லை.

வெளியே போகும்போது

கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். சரி, போனாலும் காலை ஏழு மணிக்குள் போய்ப் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். டிசம்பரில் ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது, அதனால் இது ஒன்றும் தவமில்லை. ஃபிளிக் அன் ஃபிளாக்கிலோ மோன் ஷ்வாசியிலோ சவுக்கு மர நிழலில் பாயை விரித்து, டிஃபன் டப்பாவில் புளியோதரை, வழியில் வாங்கிய தால் பூரி, அவ்வளவு போதும். ஜனவரி 1, 2 இரண்டும் அரசு விடுமுறை, அந்த இரண்டு நாளும் தீவு முழுக்க அண்டாவோடு கடற்கரைக்கு வந்து பிரியாணி போடும். அதுவும் ஒரு தடவை பார்க்கவேண்டியதுதான், நீச்சலுக்கு மட்டும் சரிப்படாது.

பிள்ளைகளுக்கு ரப்பர் காலணி போடாமல் கடலில் இறக்காதீர்கள். பவளப்பாறைக்கு உள்பக்கம் தண்ணீர் குளம்போல் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் அடியில் கல்மீன் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, கல்லேதான். அதன் முதுகு முள் குத்தினால் வலி பயங்கரம். குத்திய காலைப் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் முக்கிவைத்துக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், அந்த விஷம் சூட்டில் சிதையும். சூடு பொறுக்கிறதா என்று நம் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள், வலியில் இருக்கிற பிள்ளைக்குச் சூடு தெரியாது. நான் பிளாஸ்க் நிறைய வெந்நீர் கொண்டுபோவதைப் பார்த்து உறவுக்காரர்கள் சிரிப்பார்கள், காபிக்கும் ஆகட்டுமே. தெற்கே கிரி கிரி பக்கம் பாறை வளையமே இல்லை, அலை நேராக வந்து மோதும். அங்கே நின்று பார்க்கலாம், இறங்கக்கூடாது.

கடல் அலுத்துப்போனால் பாம்ப்ளமூஸ் தோட்டம். எல்லோரும் ராட்சத அல்லி இலையைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பூவை யாரும் பார்ப்பதில்லை. முதல் ராத்திரி வெள்ளையாக விரியும் பூ மறுநாள் ரோஜா நிறத்துக்கு மாறும். காலையில் சீக்கிரம் போனால் ஒரே குளத்தில் இரண்டு நிறத்தையும் காட்டலாம். அங்கேயே தாளிப்பனை இருக்கிறது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பூத்துக் காய்த்துச் செத்துப்போகும் மரம், நம் முன்னோர் ஏடு எழுதின பனை வகைகளில் ஒன்று. பெரியவள் அதன் கீழே நின்று, இவ்வளவு பெரிய இலையில் எழுதினால் எத்தனை பக்கம் ஹோம்வொர்க் வரும் என்று கவலைப்பட்டாள்.

போர்ட் லூயிஸில் அப்பிரவாசி காட் என்ற படித்துறைக்கும் கட்டாயம் கூட்டிப்போங்கள். 2006இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம், கரும்புத் தோட்டத்துக்கு வந்த லட்சக்கணக்கான ஒப்பந்தக் கூலிகள் கால்வைத்த படிக்கட்டு. மாமனாரின் பாட்டனாரும் அந்த வழியாக வந்தவர்தான் என்பதால் எங்கள் வீட்டில் அது சுற்றுலா இல்லை, முறை. ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் போனால் பார்க்கிங் தலைவலி இல்லை, பிள்ளைகளுக்கு ரயிலே பாதி உல்லாசம். திரும்பும் வழியில் ஏதாவதொரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டை எடுத்து அதில் தமிழ் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். 1998இல் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் பர்ஸைத்தான் திறப்பேன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் மாயேபூர் பக்கத்திலிருந்து படகில் இல் ஓ ஏக்ரெத் தீவு. 26 ஹெக்டேர்தான், ஆனால் ராட்சத ஆமையையும் ரோஜாப்புறாவையும் அருகில் பார்க்கலாம். 1990 வாக்கில் காட்டில் அந்தப் புறா பத்துப் பன்னிரண்டுதான் மிஞ்சியிருந்தது. லெ பூஸ் மலை 812 மீட்டர், ஏழெட்டு வயதுக்காரர்கள்கூட ஏறிவிடுவார்கள், உச்சியில் கடைசிக் கொஞ்சத்துக்கு மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம்.

மழை தொடங்கியதும்

கிறிஸ்துமஸ் கழிந்து மூன்று நாள் விடாமல் தூறினால் வீடு சந்தைக்கடையாகும். அப்போதுதான் கைவேலை. நாங்கள் போன தடவை காய்கறிக்கடையில் வாங்கிய மரப்பெட்டிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி, புத்தக அலமாரி செய்தோம். கோணல்தான். ஆனாலும் சின்னவன் தன் பெட்டியில் யாரையும் கைவைக்க விடுவதில்லை. பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைத்தோம், பக்கத்தில் ஒரு முருங்கைக் கொம்பு. கிரியோல் மொழியில் அதற்குப் பெயர் கரிபுலே, இதற்கு முரும். இரண்டும் நம் வாயிலிருந்து போனவை என்று பிள்ளைகளுக்குச் சொன்னதும், பாட்டி பேசுவதில் வேறென்ன தமிழ் ஒளிந்திருக்கிறது என்று ஒரு வாரம் துருவிக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு ரசத்தை ரசோன் என்று சொல்லித்தான் பழக்கம், அதுவும் மாட்டியது.

புயல் பையையும் இந்த வாரத்திலேயே கட்டுங்கள். டார்ச், பேட்டரி ரேடியோ, மெழுகுவத்தி, மருந்து, அடையாள அட்டைகள் பிளாஸ்டிக் உறையில், மீன் டின், நூடுல்ஸ், மூடிபோட்ட குடங்களில் குடிதண்ணீர். எச்சரிக்கை நான்கு வகுப்பு: ஒன்று என்றால் சுமார் இரண்டு நாள் கையில் இருக்கிறது, இரண்டு என்றால் 12 மணி நேரப் பகல், மூன்று என்றால் 6 மணி நேரப் பகல், நான்கு என்றால் 120 கிலோமீட்டர் காற்று வந்தேவிட்டது. இரண்டு வந்த பிறகு கடைக்குப் போனால் ரொட்டி இருக்காது.

பள்ளிக்குத் திரும்புவது

ஜனவரி 2ஆம் தேதி ராத்திரி வரை யாரும் பள்ளியைப் பற்றிப் பேசக்கூடாது, இது எங்கள் வீட்டுச் சட்டம். மறுநாளிலிருந்து தூக்கத்தைத் திருத்தவேண்டும். தினமும் கால்மணி நேரம் முன்னால் எழுப்புங்கள், படுக்கப்போடும் நேரத்தை முதலில் தொடாதீர்கள். கோடையில் ஏழு மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் எட்டுக்குப் படுக்கச் சொன்னால் சண்டைதான் வரும், காலையில் சீக்கிரம் எழுந்த பிள்ளை தானே சுருண்டுவிடும்.

சீருடையை வாங்குவதற்கு முன்னால் பழையதைப் போட்டுப் பாருங்கள். கால்சட்டை மடிப்பைப் பிரித்துவிட்டாலே ஒரு வருடம் ஓடும். ஷூவை மட்டும் கடைசி வாரத்தில், சாயங்காலம் போய் வாங்குங்கள். விடுமுறை முழுக்க வெறுங்காலோடு திரிந்த கால் நவம்பர் அளவுக்குள் அடங்காது. நான் ஒருதடவை தள்ளுபடியைப் பார்த்து டிசம்பர் தொடக்கத்தில் வாங்கி, அதை அப்படியே கொழுந்தன் மகனுக்குத் தூக்கிக்கொடுத்தேன்.

தைப்பூசக் காவடியையும் காலண்டரில் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் விரதம் பெரும்பாலும் பள்ளி திறந்த முதல் வாரங்களில்தான் வரும், பிள்ளையும் விரதம் இருந்தால் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைப்பது என்று முன்பே யோசிக்கவேண்டும். 2026இல் பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை, அடிமை முறை ஒழிப்பு நாளும் அன்றைக்கே. இரண்டு விடுமுறை ஒரே ஞாயிற்றில் கரைந்ததைப் பெரியவள் இன்னும் மன்னிக்கவில்லை.

நோட்டுக்கு அட்டை போடுவதை ஒரே ராத்திரியில் வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் நான்கு. பழுப்புத்தாளை நோட்டின் விளிம்பைவிட நான்கு விரல் அதிகமாக வெட்டி, முதுகில் நகத்தால் நீவி, மூலையைச் சாய்த்து மடித்து உள்ளே செருகி, அதன் மேல் பிளாஸ்டிக். செலோடேப்பைத் தாளில் ஒட்டுங்கள், நோட்டின் அட்டையில் ஒட்டினால் பிரிக்கும்போது அட்டையும் சேர்ந்து வரும். லேபிளைப் பிள்ளைகளே எழுதட்டும். போன வருடம் சின்னவன் தமிழ் நோட்டில் தன் பெயரை எழுதி, மீதி இடத்தில் ஒரு கல்மீனையும் வரைந்து வைத்திருந்தான்.