கூட்டு வைப்பின் வட்டியில் நிற்காத வரி: என் அனுபவம்

அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்துக் கிளையொன்றில் கூட்டாக வைத்திருக்கும் நிலையான வைப்பின் வட்டி, வரி கழிக்க வேண்டாம் என்று நான் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுத்த பின்னரும், 10 சதவீதம் குறைந்தே வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டி மீதான நிறுத்திவைத்தல் வரி (வட்டியைத் தரும்போதே வங்கி கழிக்கும் வரி) 5 இலிருந்து 10 சதவீதமாகியபோதும், ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாத ஒருவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்துடன் பிரகடனம் கொடுத்தால் வங்கி அதைக் கழிக்காமல் விடலாம்.

படிவம் தவறியிருக்கும் என்று மீண்டும் கொடுத்தேன்; பயனில்லை. என் பெயரின் முதலெழுத்து வங்கிப் புத்தகத்தில் வேறாக இருந்ததைத் திருத்துவதிலேயே ஒரு கிழமை போனது, அதுவும் காரணமல்ல.

வரிக் கழிப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: அதிலிருந்த அடையாள அட்டை இலக்கம் 'வி' எழுத்தில் முடிந்தது. என்னுடையது 12 இலக்க அட்டை. அது அம்மாவினுடைய பழைய அட்டை. கணக்கின் முதற்பெயர் அவர் என்பதால் வரி அவர் பெயரிலேயே கழிக்கப்பட்டிருந்தது. வீட்டிலிருப்பவருக்கு வரி இலக்கம் எதற்கு என்று நாங்கள் எடுக்காமலே விட்டிருந்தோம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அவருக்கும் இலக்கம் பெற்று, அவர் கையொப்பத்துடன் தனிப் பிரகடனம் கொடுத்தோம். அடுத்த மாத வட்டி முழுமையாக வந்தது, பெரிய நிம்மதி.

ஏற்கெனவே கழித்ததை வங்கி திருப்பித் தராது. அதற்கு வருமான வரி அறிக்கையில் மீளளிப்புக் கோர வேண்டும். அந்தச் சான்றிதழ்களை எறியாதீர்கள். பிரகடனத்தையும் ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.